இடப்பக்கம் ஏழு கிலோ

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்கக் கூடாது. செகந்திராபாத் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸப் குழுவில் நானும் இருக்கிறேன். பெரும்பாலும் வாடகை வீடு, தோசை மாவு, இரங்கல் செய்தி. அதில் போன மாதம் இப்படி ஒன்று வந்தது: 'காட்டுப் பாதைக்கு ஏற்ற பைக் விற்பனைக்கு. மல்காஜ்கிரி. பக்கவாட்டுப் பைகள், டென்ட், அடுப்பு எல்லாம் சேர்த்து. ஓட்டியது பெண். விற்கும் காரணம்: ஓட்டியவருக்குத் திறமை போய்விட்டது.'

வெளிநாடு போகிறோம், நிறுத்த இடமில்லை, அவசரத் தேவை என்றெல்லாம் எழுதுவார்கள். இப்படி ஒரு காரணத்தை எழுதி நான் பார்த்ததில்லை. அந்த எண்ணுக்கு நான் ஃபோன் செய்யவில்லை. செய்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும், கதை கெட்டிருக்கும். ஆகவே கீழே வருகிறவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. எல்லாரும் நான் உண்டாக்கியவர்கள்.

(எனக்கு பைக்கும் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். போவன்பள்ளி சந்தையிலிருந்து அதன் கொக்கியில் கீரைக்கட்டைத் தொங்கவிட்டு வருவதோடு என் அனுபவம் சரி. தெரியாத இடங்களில் நண்பர் சீனுவைக் கேட்டேன். அவர் வருஷத்துக்கு நாலு தடவை டென்டைக் கட்டிக்கொண்டு பைக்கில் காட்டுக்குப் போகிறவர்.)

2

ரூஃபஸ் அன்று காலை கண் விழித்தபோது அவர் மனதில் —

வேண்டாம். கதைகளில் வரும் பாதிப் பேர் காலையில் கண் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிளெசிக்கு நாற்பத்தாறு வயதில் பைக் ஓட்டும் ஆசை ஏன் வந்தது என்றால் —

இதுவும் வேண்டாம். ஓட்டுவது ஆண்பிள்ளையாக இருந்தால் ஏன் என்று விளக்கியிருப்பேனா? ஆசை வந்தது, கற்றுக்கொண்டாள், ஆறு வருஷமாக ஓட்டுகிறாள். அவ்வளவுதான்.

மூட்டை கட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

ஓட்டுவது பிளெசி, கட்டுவது அவள் கணவர் ரூஃபஸ். அந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு. ரூஃபஸ் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் முப்பத்து மூன்று வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருள் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள். பைக் பின்சீட்டைப் பார்த்தபோது அவருக்கு அது இன்னொரு அலமாரியாகத்தான் தெரிந்தது.

கனமானவை அடியில், வண்டியின் உடம்போடு ஒட்டி. லேசானவை மேலே. தூங்கும் பையையும் உடுப்பையும் சுருட்டிப் பின்சீட்டில் குறுக்கே. வலப்பக்கம் சைலன்சர் சுடும், ஆகவே எரிவாயுக் குப்பி அந்தப் பக்கம் போகவே கூடாது. வார்களைப் பெருக்கல் குறிபோல இழுத்துக் கட்டி, மிஞ்சிய நுனியைச் சக்கரத்தில் சிக்காமல் செருகிவிடுவார். பிறகு இரண்டு பைகளையும் கழற்றித் தொங்குதராசில் மாட்டிப் பார்ப்பார். இரண்டும் ஒரே எடை. மறுபடி மாட்டி, வண்டியைப் பிடித்து ஒரு குலுக்கு. உள்ளே ஒரு கரண்டி சத்தம் போட்டாலும் அத்தனையையும் பிரித்துவிடுவார்.

இதெல்லாம் பிளெசிக்குப் பெருமை. கூட வரும் ஆண்கள் நடுவழியில் நின்று நின்று மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

போன நவம்பரில் ரூஃபஸ் ஒரு காரியம் செய்தார். அதற்கு முந்தைய பயணத்தில் பிளெசி இரண்டு நாளும் பிஸ்கட் தின்றுவிட்டுக் கன்னம் ஒட்டிப்போய் வந்திருந்தாள். அது அவர் மனதிலேயே நின்றது. இந்தத் தடவை பைகளை நிறுத்துப் பார்த்தாயிற்று, பக்கத்துக்கு ஒன்பது கிலோ, அவளும் வந்து முள்ளைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவர் இடப்பக்கப் பையைத் திறந்தார். டென்ட் துணிக்கு அடியில் ஒரு மூன்று லிட்டர் குக்கரை வைத்தார். குக்கருக்குள் அரிசியும் பருப்பும். பக்கத்தில் இரண்டு தண்ணீர் பாட்டில், டென்ட் முளை அடிக்க ஒரு சுத்தியல். எல்லாம் ஏழு கிலோ. எடை போட்ட பிறகு உள்ளே எதையாவது செருகுகிறவர்களை முப்பத்து மூன்று வருஷம் கையும் களவுமாகப் பிடித்த மனிதர் அவர்.

* இந்த இடத்தில் சீனு மறுத்தார். "ஒரு பக்கம் ஏழு கிலோ கூடினா வண்டி இழுக்கும் சார். ஆறு வருஷம் ஓட்டினவங்களுக்கு அது தெரியாதா?" இரண்டு நாள் யோசித்தேன். தெரிந்திருக்கிறது. வண்டி இடப்பக்கம் இழுப்பதை பிளெசி போவன்பள்ளி தாண்டுவதற்குள் உணர்ந்துவிட்டாள். தன் தோள்பட்டைதான் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கட்டியவரைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.

4

விகாராபாத் தாண்டி அனந்தகிரிப் பக்கம் ஒரு கல் மேடு. பிளெசி நாலு தடவை ஏறிய மேடு. ஐந்தாவது தடவை பாதியில் வண்டி இடப்பக்கம் சாய்ந்து, அவள் கைமேல் விழுந்தது. மணிக்கட்டு எலும்பில் கீறல் விட்டுவிட்டது.

ரூஃபஸ் ஒரு வேன் பிடித்துப் போய் மனைவியையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் உள்ளே கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே வேனில் பையைத் திறந்து குக்கரை எடுத்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அது பழைய இடத்துக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அதில் சாம்பாருக்குப் பருப்பும் வெந்தது.

ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். கை சரியாகிவிட்டது என்றார் டாக்டர். பிளெசி மட்டும் வண்டிப் பக்கமே போகவில்லை. ஒருநாள் அந்த விளம்பரத்தை அவளே எழுதி அவருக்குப் படித்துக் காட்டினாள்.

அதைக் கேட்டபோது ரூஃபஸுக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், அவர்மேல் உங்களுக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சட்டுமே என்று. ஆனால் அதுதான் உண்மை. இனிமேல் அவள் சிக்னல் இல்லாத காட்டில் இருக்கும்போது ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் உட்கார வேண்டியதில்லை. தப்பும் மறைந்தது, பயமும் தீர்ந்தது.

5

முதல் மூன்று பிரதிகளில் ரூஃபஸ் வாயைத் திறக்கவே இல்லை.

முதல் பிரதியில் வாங்குகிறவர் வருகிறார், ரூஃபஸ் சிரித்த முகத்தோடு வண்டியை ஏற்றி அனுப்புகிறார். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டாவதில் பிளெசி குக்கரில் ஒரு நசுங்கலைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாள். அது துப்பறியும் கதை மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவதில் சர்ச்சில் போதகர் ஐயர் கொடுத்த பிரசங்கம் அவரைக் குத்துகிறது. அந்தப் பிரசங்கத்தை நான்தான் எழுத வேண்டும் என்பதால் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

மனிதர் நல்லவர்தான். எங்கே தட்டினால் வாய் திறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு பிளெசியை யோசித்தபோதுதான் கிடைத்தது.

போவன்பள்ளியில் ரஞ்சன் என்று ஒரு பல் டாக்டர், தமிழர் இல்லை, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரூஃபஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, அவருக்குக் காட்டுவதற்காகப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பிளெசி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"நீங்க இவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டிக் குடுத்திய. நாந்தான் கொண்டுபோயிப் போட்டு ஒடைச்சேன். மனசுல வச்சுக்கிடாதிய, என்ன."

ரூஃபஸ் கையிலிருந்த வார் நழுவியது. அவள் அவரைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மன்னிப்புக் கேட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

"பிளெசி, குக்கர் வச்சேன்."

"அடுப்புலயா?"

"பையில. அன்னைக்கி. இடப்பக்கம்."

அவள் படியிறங்கி வந்தாள். "எடை போட்ட பொறவா?"

"பொறவுதான். குக்கரு, அரிசி, பருப்பு, ரெண்டு பாட்டில் தண்ணி. ஒரு சுத்தியல்."

"எத்தன கிலோ?"

"ஏழு."

(அழுகை, கத்தல், குக்கர் பறப்பது என்று நாலைந்து வைத்திருந்தேன். எதுவும் ஒட்டவில்லை.)

"கைக்கு?" என்றாள் பிளெசி. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் உச்சிக்கு ஏறினால் வீட்டில் பேசும் பாளையங்கோட்டைத் தமிழ் போய் இந்த ஊர் இந்தி வந்துவிடும்; எதற்கு என்று கேட்கிறாள்.

"முந்தின தடவ ரெண்டு நாளும் பிஸ்கட்டத் தின்னுட்டு வந்தேல்லா. அதான்."

"மூணு மாசமா எங் கையப் பாத்துப் பாத்து உக்காந்திருக்கேன். ஆபீஸுல ஒரு பொருளத் தூக்கப் பயமா இருக்கு. நம்ம காலம் முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்திருக்கிய."

"ஆமா."

"ஆமாவா?"

"நீ விக்கப்போறேன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியாக்கூட இருந்துச்சு. அதையும் சொல்லிருதேன்."

இதைச் சொல்லிவிட்டு ரூஃபஸ் நழுவிய வாரைக் குனிந்து எடுத்தார். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதுவோ இறங்கிவிட்டது. அவள் என்ன செய்தாலும் சரி என்று இருந்தது. நானும் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பிளெசி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடப்பக்கப் பையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"காலையில மறுபடியும் கட்டுங்க. அன்னைக்கிக் கட்டுன மாதிரியே. குக்கர், அரிசி, சுத்தியல், ஒண்ணு விடாம."

"என்னத்துக்கு?"

"பழுது எதுலன்னு பாக்கணும்லா."

அவள் வேலை அப்படி. ராணுவத்துக்குப் போகும் கருவிகளைக் குலுக்கியும் சூடாக்கியும் சோதிக்கும் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருஷம். ஒரு கருவி பழுதானால் யாரும் யார்மேலும் குற்றம் சொல்லக் கூடாது. அன்றைக்கு இருந்த நிலைமையை அப்படியே திரும்ப உண்டாக்கிப் பார்க்க வேண்டும். கருவிகளுக்குச் செய்ததைத் தனக்கும் செய்துகொள்ள அவளுக்கு இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது.

6

சனிக்கிழமை காலை ஏழு மணி. மௌலாலிப் பக்கம் ஒரு காலி மனை. அடுக்குமாடி கட்ட வெட்டிப் போட்டுவிட்டு யாரோ மறந்துபோன பாறைச் சரிவு, மேலெல்லாம் உதிரிக் கல். முப்பது அடி இருக்கும்.

பிளெசி முழங்காலுக்கும் முழங்கைக்கும் காப்புகளை மாட்டிக்கொண்டாள். (சீனு கட்டாயம் போடச் சொன்னார்.) தன் ஃபோனை ரூஃபஸிடம் கொடுத்தாள்.

"அந்த டாக்டர் ஃபோன் பண்ணுனா நீங்களே பேசிருங்க."

"என்னன்னு சொல்ல?"

"பாக்கிறதச் சொல்லுங்க. விழுந்தா ஓடி வரக் கூடாது. நானே தூக்கிக்கிடுவேன்."

ரூஃபஸ் சரிவின் அடியில் நின்று கண்ணை மூடினார். கல்யாணமான நாள் முதல் அவள் விழக்கூடாது, வழுக்கக்கூடாது, அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்றுதான் ஜெபித்திருக்கிறார். அன்றைக்கு ஜெபம் வேறு மாதிரி வந்தது: ஆண்டவரே, உம்முடைய பிள்ளையை விழப்பண்ணும். காயமில்லாமல், மெதுவாக விழப்பண்ணும். குற்றம் மூட்டையின்மேல் இருக்கட்டும், கட்டினவன்மேல் இருக்கட்டும்.

பாதி ஜெபத்தில் அவருக்கு ஒன்று உறைத்தது. விழாவிட்டால்? ஏழு கிலோ கோணலோடு அவள் இந்தச் சரிவில் ஏறிவிட்டால்? அப்படி ஏறுகிறவளைப் பார்த்துத் திறமை போய்விட்டது என்று யார் சொல்ல முடியும்? அன்றைக்கு ஏதோ ஒரு கல் உருண்டது என்று போகும். விழுந்தால் வண்டி அவளுடையது. விழாவிட்டாலும் வண்டி அவளுடையது. ஸ்டோர்ஸ் கணக்கை இரண்டாம் முறை சரிபார்ப்பதுபோல இதையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது.

உமது சித்தம் ஆகக்கடவது, ஆமென் என்று முடித்தார். வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் பயமில்லாமல் சொன்னார். கண்ணைத் திறந்தார்.

7

வாசகரே, இரண்டு பத்திகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், பாதிச் சரிவில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்கிறது. பிளெசி கல்மேல் மல்லாந்து கிடந்து, "ஏழு கிலோங்க, ஏழு கிலோ" என்று சிரிக்கிறாள். இன்னொன்றில், மேலே போய் நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு ஹாரன் அடிக்கிறாள். கீழே ரூஃபஸ் தனியாகக் கை தட்டுகிறார்.

விழும் என்கிறார் சீனு. ஏறிவிடும் என்கிறாள் என் மனைவி. ஒன்றை நீங்கள் அடித்துவிடுங்கள். நான் இதுவரை எழுதிய கதைகளில் முடிவைப் பிறர் கையில் கொடுக்கப் பயந்துதான் இருக்கிறேன், எங்கேயாவது ஒரு ஆளைச் சாகடித்துவிடுவீர்களோ என்று. இந்தத் தடவை அந்தப் பயம் இல்லை. எதை எடுத்தாலும் அவளுக்கு நல்லது.

ஒன்றை மட்டும் உங்களுக்குத் தர மாட்டேன். அதை நானே எழுதிவிடுகிறேன்.

பிளெசி வண்டியைக் கிளப்பி, முன்சக்கரம் சரிவின் முதல் கல்லைத் தொட்ட நேரத்தில் ஃபோன் அடித்தது. ரஞ்சன்தான். சீக்கிரமே கிளம்பட்டுமா என்று கேட்டார். பார்ப்பதைச் சொல்லச் சொல்லியிருந்தாள் பிளெசி. ரூஃபஸ் இன்னும் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

"வராதீங்க டாக்டர், வண்டி விற்பதற்கில்லை," என்று தன் ஸ்டோர்ஸ் இந்தியில் சொன்னார் ரூஃபஸ்.

"வேற யாராவது எடுத்துட்டாங்களா?"

"ஆமா சார். என் வீட்டுக்காரி எடுத்துட்டா."