ஆட்சேபணை

காலைப் பட்டியலில் ரஸ்ஸல் ப்ரூயிட் என்ற பெயரைப் பார்த்ததுமே வெர்னா கோவாக் கோப்பைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பரோல் ரத்து விசாரணை அதிகாரிக்கு அதுதான் விதி. அவள் அதைக் கட்டின் அடியில் செருகிக்கொண்டாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் குடித்துவிட்டுக் காரோட்டி அவள் தங்கை ஜோலீனைக் கொன்றவன் ப்ரூயிட். வெர்னாவுக்கு அப்போது கல்யாணமாகவில்லை; வேறு குடும்பப் பெயர். அதனால் அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போது குடிக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு பரோலில் இருக்கும்போது குடித்துப் பிடிபட்டிருந்தான். ஒரே ஒரு பீர். வேறு அதிகாரியென்றால் எச்சரித்து அனுப்பிவிடுவார். வெர்னா ஆறு மாதச் சிறை போட இருந்தாள்.

சிறையின் சின்ன அறையில் ப்ரூயிட்டின் வக்கீல் ஃபெல்னர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சீக்கிரம் முடிச்சிடலாமா மேடம்? சனிக்கிழமை இவர் பொண்ணுக்குக் கல்யாணம். சர்ச்சுல கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போக வேற ஆள் இல்ல."

"பறக்காதீங்க ஃபெல்னர். கேக் எங்கேயும் ஓடிடாது."

ஒலிப்பதிவுக் கருவியை முடுக்கி, வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டாள்: "உங்க வழக்கை நான் விசாரிக்கிறதுல ஆட்சேபணை உண்டா?"

ப்ரூயிட் நிமிர்ந்து பார்த்தான். அன்று கோர்ட்டில் ஜோலீனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை அவன் மறக்கவில்லை.

"ஆட்சேபணை இல்ல மேடம்."

ஃபெல்னரின் உதட்டோரம் லேசாகச் சுழித்தது. அவள் யாரென்று இருவருக்கும் தெரியும் என்பது வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. செத்தவளின் அக்கா போட்ட உத்தரவு என்று மேல்முறையீட்டுக்குப் போனால் அன்றே அது கிழிந்துவிடும். சனிக்கிழமை அவன் கோட்டு மாட்டிக்கொண்டு நடப்பான்.

"எனக்கு இருக்கு," என்றாள். "இவர் கார் ஏத்திக் கொன்ன பொண்ணு என் தங்கச்சி. நான் விலகிக்கிறேன்."

ஃபெல்னர் விறைத்தார். "அப்போ இன்னிக்கே வேற அதிகாரி..."

"இந்த மாவட்டத்துக்கு நான் ஒருத்திதான். வேற ஆள் வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் இவர் உள்ளதான்."

"இது பழிவாங்கல் மேடம்!"

"விதி, ஃபெல்னர். வாரா வாரம் எனக்கு அதைப் படிச்சுக் காட்டுறது நீங்கதானே?"

கோப்பைக் காலையிலேயே திருப்பாததற்கு அவளுக்கு மெமோ வரும். வரட்டும்.

"மேடம்... எம்பொண்ணு..." ப்ரூயிட்டின் குரல் உடைந்தது.

"பதிவாகுது மிஸ்டர் ப்ரூயிட். சத்தமா சொல்லுங்க."

அவன் விம்மி அழுதான். ஒரு முழு நிமிடம் வெர்னா கருவியை அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்தவனைக் கூப்பிட்டாள்.