கேமராவுக்குத் தெரியாத அறை

வீட்டையும் மனசையும் காலியாக வைத்துக்கொள்வது எப்படி என்று போனில் கிளாஸ் எடுக்கிறவளின் வீடு எப்படி இருக்கும்? கேமரா பார்க்கிற மூலை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். மற்றதையெல்லாம் கிளாசுக்கு முன்னால் அள்ளிக்கொண்டு போய் மாமனார் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். அன்றும் மடிக்காத துணி மூட்டை, ஓடாத மிக்சி, பிள்ளைகளின் கிழிந்த பை எல்லாம் உள்ளே போயின. மாமனார் அப்போது அந்த அறைக்குள்ளேயே இருந்த குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாததைத் தூக்கிப் போடுங்க. நிம்மதியா உட்கார ஒரு இடமாவது பண்ணிக்குங்க" என்று வாய் வலிக்கப் பேசி முடித்தாள். பாராட்டு குவிந்தது. உச்சி குளிர்ந்துபோனாள்.

அதே குளிர்ச்சியோடு மாமனார் அறையைத் திறந்தாள். கட்டில், நாற்காலி எங்கும் அவள் சாமான். முட்டிவலிக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கிளாஸ் நல்லா இருந்துச்சும்மா. முழுசாக் கேட்டேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே மாமா!"

"நாலு பேர் கேட்டுட்டிருக்கும்போது நான் கத்தினா உனக்குத்தானே அசிங்கம்?"

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பதறிப்போய் நாற்காலி மேலிருந்த மூட்டையைத் தூக்கினாள்.

"இருக்கட்டும்மா" என்று தடுத்தார் அவர். அதில் குத்தல் துளியும் இல்லை. "சாயங்காலம் இன்னொரு கிளாஸ் இருக்குல்ல? மறுபடியும் நீதானே தூக்கிட்டு வரணும்."