சிவப்புக் கயிறு

விடிவதற்கு முன்பே அந்தச் சலவைக்கூடம் வியர்க்கத் தொடங்கிவிடும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த விரிப்புகள் ஈரம் சொட்டச் சொட்டப் பிணம் மாதிரி கனக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, கொதிக்கிற இஸ்திரி ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் வாங்கி மடிக்க வேண்டும். ரோலரை நிறுத்தத் தலைக்கு மேல் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. இழுத்தவளுக்கு அன்றைய கூலி கிடையாது என்பது முதலாளியின் சட்டம். யார் கையும் படாததால் அந்தக் கூடத்திலேயே அந்தக் கயிறு மட்டும் புதுசாக இருந்தது.

சின்னவளும் அவள் சித்தியும் ரோலரின் வாயில் நின்றார்கள். சின்னவளின் அம்மாதான் மேஸ்திரி. போன மழைக்காலம் வரை அவளும் இங்கே விரிப்பு உதறியவள்தான். எல்லோருக்கும் அக்கா. அவள் சொன்னால் கூடமே கேட்கும் என்று கண்ட முதலாளி அவளை மாடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

"மரியாதைய நக்கிப் பாத்தா ருசிக்காதும்மா. கொஞ்சம் பயத்தைக் காட்டு, பொழச்சுக்குவ."

அம்மா காட்டப் பழகினாள். முதலில் நாக்கு பழகியது, பிறகு கண். அக்கா மேஸ்திரியம்மா ஆனாள். அவள் உள்ளே வந்தால் பேச்சு கத்தரித்த நூலாய் விழும். வீட்டில்கூடச் சின்னவள் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவக் கற்றிருந்தாள்.

பயப்படாதவள் சித்தி ஒருத்திதான். அன்று காலையும் விரிப்பை உதறிக்கொண்டே கிசுகிசுத்தாள்: "எங்கக்கா மூஞ்சிமேல சட்டிய வச்சா சோறு வெந்துரும்டி."

சின்னவள் சிரிப்பை விழுங்கினாள். அடுத்த விரிப்பின் ஓரம் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலில் சித்தியின் விரல்கள் மாட்டிக்கொண்டன. துணி உள்ளே போனது. கையும் கூடவே போனது.

"இழுடி, சின்னவளே!" என்று சித்தி கத்தினாள்.

கயிறு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. அவள் கை எழுந்தது. அதற்கு முன்னால் கண் போய்விட்டது, வாசலில் நின்ற அம்மாவின் முகத்துக்கு. இழுக்கட்டுமா என்று அந்த முகத்தைக் கேட்டது.

"இழுடி!" என்று அம்மா அலறிய பிறகுதான் இழுத்தாள்.

சித்திக்கு மூன்று விரல்கள் போயின.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "பல்லைக் காட்டிக்கிட்டு நின்னாளாம். அவ கவனக்குறைவு. ஆஸ்பத்திரிச் செலவை எந்தலையில கட்டாதீங்க."

மடிக்கிற பக்கம் நின்ற கண்ணாடிக்காரி கேட்டாள்: "கயித்தை இழுத்தா கூலி இல்லன்னு சொன்னது யாருங்க?"

"சொல்லலைன்னா நாளெல்லாம் இழுத்துக்கிட்டு நிப்பீங்க. பயம் விட்டுப்போச்சுன்னா இது சந்தைக்கடை ஆயிரும். என்ன மேஸ்திரி?"

"பயம் எங்கயும் போகலீங்க," என்றாள் அம்மா. "எம்பொண்ணு கையிலயே இருக்கு."

"இருக்கட்டும். கேட்டுக்கு வெளிய எத்தனை பேர் வேலை கேட்டு நிக்கிறாங்கன்னு பாத்தீங்கல்ல? ரோலரைப் போடு."

ரோலர் சுற்றியது. கறைபட்ட விரிப்பு மறுபடி துவைக்கப் போனது.

வீடு திரும்பும் வழியில் அம்மா கேட்டாள்: "ஏன்டி என்னையப் பாத்த?"

"நீ திட்டுவியோன்னு…"

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் விடியலில் ரோலர் சூடேறியதும் அம்மா அதன் முன்னால் வந்து நின்றாள். "ஒவ்வொருத்தியா வாங்க. கயித்தை இழுங்க."

"ஒண்ணும் ஆகலியே?" என்றாள் ஒருத்தி.

"ஒண்ணும் ஆகாதப்பவே கை பழகணும்."

"கூலி?" என்றாள் கண்ணாடிக்காரி.

"போகும். எனக்கும் போகும். வேலையே போனாலும் போகும்."

"போன விரலு வந்துருமா மேஸ்திரியம்மா?"

"வராது," என்றாள் அம்மா. "இனிமே ஒருத்தியும் எம்மூஞ்சியப் பாத்துட்டு இழுக்கக் கூடாது. அவ்வளவுதான் என்னால ஆகும்."

கண்ணாடிக்காரி அவளையே பார்த்தாள். "உம்மூஞ்சியில சட்டி வச்சா சோறு வெந்துருமாம். உன் தங்கச்சி சொன்னா."

யாரும் சிரிக்கவில்லை. அம்மாவின் உதடு மட்டும் கோணியது. கண்ணாடிக்காரி முதலில் இழுத்தாள். ரோலர் பெருமூச்சு விட்டு நின்றது. அம்மா மறுபடி பொத்தானை அழுத்தினாள். அடுத்தவள் வந்தாள். அப்புறம் அடுத்தவள்.

சின்னவளின் முறை வந்தது. கயிற்றைப் பிடித்துவிட்டாள். இழுக்க வரவில்லை. பாழாய்ப்போன கண் மறுபடி அம்மாவின் முகத்துக்கே ஓடியது.

அம்மா அதைப் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"அக்கா, முதலாளி வர்றாரு," என்றாள் யாரோ ஒருத்தி.

அம்மா திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கேட்டருகே, வேலை கேட்டு வந்தவர்கள் பனியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பூட்ஸ் சத்தம் பாதிப்படிக்கு வந்தது. பார்க்க ஒரு முகமும் இல்லாமல் சின்னவள் இழுத்தாள்.

ரோலர் நின்றது. அவள் கை கயிற்றை விடவில்லை. கண்ணாடிக்காரி பக்கத்தில் வந்து, அந்தக் கைக்கு மேலே, அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.