ஜெயசீலியின் கல்

"உங்கம்மா சுத்தக்காரி. இந்நேரம் அவ கல்லறைல குப்பை மண்டிக் கெடக்கும். போய்ப் பார்த்துட்டு வா" என்று அப்பாதான் துரத்திவிட்டார்.

கல்லறைத் திருநாளும் அதுவுமாக, மணவாள நகரிலிருந்து பஸ் மாறி மாறிக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வந்து இறங்கினாள் ஏஞ்சல். சர்க்கரை நோயில் அப்பாவின் கால் போனதிலிருந்து வீட்டில் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

பழைய கல்லறைத் தோட்டம் அது. ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர்கள் தொடங்கியது. பிறகு சுற்றுவட்டக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் அங்கேதான் புதைத்தார்கள். நாலு பக்கமும் கம்பெனிகள் எழும்பி மழைத்தண்ணீர் வடிய வழி இல்லாமல் போனதும், குழி வெட்டினால் தண்ணீர் ஊறியது. பங்குக் கோயில் வேறு இடம் வாங்கிக்கொண்டது. இங்கே கடைசியாகப் புதைத்தவர்களில் ஒருத்தி ஏஞ்சலின் அம்மா ஜெயசீலி.

அம்மாவின் கல் உள்ளே வேப்பமரத்தடியில் இருக்க வேண்டும். ரோட்டோரம், இடிந்த சுவருக்கு வெளியே இருந்தது. சிலுவைக்குச் சிவப்புப் புடவை சுற்றியிருந்தார்கள். அம்மாவின் பெயர்மேல் யாரோ லிப்ஸ்டிக்கை அப்பியிருந்தார்கள். அடியில் சிகரெட் துண்டுகள், உடைந்த முட்டை, காலி பிராந்தி பாட்டில்கள். எல்லாவற்றின் மேலும் எறும்பு.

"செருப்ப கழட்டிட்டு வாம்மா" என்றான் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். பெயர் ரகு. ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். ஓட்டாத நேரத்தில் இங்கே பூசாரி. "பஸ்ட் டைமா?"

ஏஞ்சல் தலையை மட்டும் ஆட்டினாள். தெரியாத ஆளிடம் வழி கேட்கவே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஜெயசீலியம்மா கத தெர்யாதா? கம்பெனில வேல செஞ்ச பொண்ணு. மேனேஜர் ஏமாத்திட்டான், தொங்கிட்டா. நைட் ஷிப்டு முடிச்சினு போறவன் வண்டில ஏறிக்குவா. திரும்பிப் பாத்தா சீட்டு ஈரமா கீது, ஆளு இல்ல. குவார்ட்டர் வெச்சாத்தான் வுடுவா."

"நான் பீரு வெச்சேன்" என்றாள் கம்பெனிச் சட்டை போட்டிருந்த ஒரு பெண். "கான்ட்ராக்டுல கீறேன், பெர்மனென்ட் ஆவணும்னு. ஒண்ணியும் ஆவல."

"ஏன் செல்வி, பீருக்கா பெர்மனென்ட் குடுப்பாங்க? இன்னொரு கான்ட்ராக்டுதான் குடுப்பாங்க" என்றான் ரகு. இருவரும் சிரித்தார்கள்.

அம்மா மஞ்சள் காமாலையில் செத்தாள். கடைசி மாதம் கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. வாயோரம் ஒழுகினால், அந்த நிலைமையிலும் முந்தானையைத் தேடித் துடைத்துக்கொள்வாள். அவளுக்குத்தான் இந்த பிராந்தி.

"அண்ணா" என்றாள் ஏஞ்சல் மெல்ல. "இந்தக் கல்லு உள்ளதான இருந்துச்சு?"

"அங்க யாரும்மா போவா? நாங்கதான் கடப்பாற போட்டுப் பேத்துக்கினு வந்தோம். இப்ப பாரு, லாரிக்காரன் எறங்காமயே கும்புட்டுக்கினு போறான்."

புதரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். வேப்பமரம் வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது. மரத்தடி முழுக்க கோழிக் கழிவு. குடலும் தலையும் ஈர இறகும் மூட்டை மூட்டையாக, இடுப்பு உயரத்துக்கு. கிழிந்த மூட்டையிலிருந்து புழுக்கள் சோற்றுப் பருக்கைபோல உதிர்ந்துகொண்டிருந்தன. கறுப்பாக ஏதோ கசிந்து மண்ணுக்குள் இறங்கியது. அதற்குக் கீழேதான் அம்மா. துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். துப்பட்டாவும் அதே நாற்றம் அடித்தது.

திரும்பி வந்தாள். "அண்ணா, அந்தக் கழிவ எடுக்க ஆள் கிடைப்பாங்களா?"

"கோழிக்கடக்காரன் கொட்றது அது. நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" ரகு போனை எடுத்துக்கொண்டான்.

"அவங்க எங்க அம்மா."

ரகு நிமிர்ந்தான்.

"தூக்கெல்லாம் போட்டுக்கல, காமாலைல—" என்று தொடங்கினாள். இருவர் கண்ணும் கல்லுக்குப் போய்விட்டது. அவள் சொன்னது எதுவும் அவர்கள் காதில் ஏறவில்லை. அப்போதுதான் அந்தப் பொய் வாயில் வந்தது.

"நேத்து கனவுல வந்தாங்க. கல்ல மட்டும் எடுத்துக்கினு போய்ட்டானுங்க, நான் நாத்தத்துல கெடக்குறேன்னு அழுதாங்க. யாரையும் வுட மாட்டேன்னு சொன்னாங்க."

அம்மா அவள் கனவில் வந்து வருடங்கள் ஆகின்றன.

ரகுவின் முகம் வெளுத்தது. யார் யாருக்கோ போன் போட்டான். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பக்கத்து மனையிலிருந்து ஜேசிபி வந்தது. கழிவு கொட்ட வந்த கோழிக்கடை வண்டியை அடிக்காத குறையாகத் திருப்பி அனுப்பினார்கள். சுரண்டி, சுண்ணாம்பு தூவி, புது மண் போட்டு, கல்லையும் துடைத்துக் கொண்டுவந்து பழைய இடத்தில் நட்டார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவின் பெயரைத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

ஏஞ்சல் பையைத் திறந்து சாமந்தியை எடுத்தாள்.

அவள் குனிவதற்குள் செல்வி முந்திக்கொண்டாள். "தாயே, மன்னிச்சுக்கோ" என்று ஒரு முழு பாட்டில் பிராந்தியைக் கல்லின் தலையில் கவிழ்த்தாள். ரகு தயாராக வைத்திருந்த சேவலின் கழுத்தை அறுத்தான். சூடான ரத்தம் ஏஞ்சலின் கணுக்காலில் தெறித்தது.

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற இட்லி வந்தது, பிறகு மஞ்சள் தண்ணீர். உடம்பு உதறியது. முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

"ஜெயசீலியம்மா எறங்கிட்டாங்கடா!" என்று ரகு கத்தினான்.

எல்லோரும் அவள் காலில் விழுந்தார்கள். யாரோ அவள் நெற்றியில் ஈரக் குங்குமத்தை அப்பினார்கள். செல்வி வாந்தியில் முழங்கால் படிய ஊர்ந்து வந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். பிராந்தியும் இறகும் ஒட்டிய கை.

"பெர்மனென்ட் ஆவுமா தாயீ? ஒரு வார்த்த சொல்லு."

கால்களை உருவப் பார்த்தாள் ஏஞ்சல். பிடி இறுகியது.

"ஆவும்" என்றாள்.

செல்வி ஓவென்று அழுதாள். விட்ட காலை அடுத்தவன் பிடித்துக்கொண்டான்.