ஆமத்தூர் நீலம்

சம்சாத் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் அவள் கட்டிக்கொடுத்த பெட்டிகள் எத்தனையோ விமானங்களில் போய்விட்டன. மதுரையில் ஒரு சரக்கு ஏஜென்சியில் அவளுக்கு வேலை. ரத்தம் அடைத்த குழாய், நோய்க்கிருமி வளர்த்த புட்டி, அமிலம், எளிதில் தீப்பிடிக்கும் பொடி எதுவானாலும் அதைச் சட்டப்படி எப்படிக் கட்டுவது, மேலே என்ன ஒட்டுவது, என்ன பெயர் எழுதுவது என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். அதற்கான பரீட்சையை மும்பைக்குப் போய் எழுதித் தேறினாள். போனதும் ரயிலில்தான், வந்ததும் ரயிலில்தான்.

கணவன் அசாருதீன் குவைத்தில் இருந்தான். வெள்ளிக்கிழமை தோறும் பேசுவான். மற்ற நாட்களில் மத்தியானம் கண் அசந்தால் அவளுக்குப் பெட்டிகள்தான் கனவில் வரும். மேகத்துக்கு மேலே, ஆள் இல்லாத ஒரு விமானத்தில், ஜன்னலோர இருக்கைகளில் பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் தன் மேல் ஒட்டிய சாய்சதுர எச்சரிக்கைத் தாளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்திருக்கும். சிவப்பு, மஞ்சள், கறுப்பு வெள்ளைப் பட்டை. எங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரியாது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் உடம்பு லேசாக மிதந்துகொண்டிருக்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷப் பங்குனியில் விருதுநகரில் ஒரு கல்லூரியில் பயிற்சி வைத்தார்கள். அது அவள் பிறந்த ஊர். வாப்பாவுக்கு பஜாரில் வத்தல், மல்லி கமிஷன் கடை. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மூக்கில் மிளகாய் நெடி ஏறி இரண்டு தும்மல் வந்தது. வெயில் அப்போதே தெருவை வெள்ளையாக வெளுத்து வைத்திருந்தது. மரம், சுவர், மாடு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல் நெளிந்தன. கடைக்குச் சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று நேரே கல்லூரிக்குப் போனாள்.

வந்திருந்தவர்களில் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்காரர்கள் பாதி, கல்லூரி ஆசிரியர்கள் பாதி. பட்டாசுக் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் கருப்பணன் முதல் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சம்சாத் எப்போதும்போல உலர்பனியிலிருந்து, மாதிரிகளைக் குளிராக வைக்கும் டிரை ஐஸிலிருந்து, ஆரம்பித்தாள். தெர்மகோல் பெட்டியைத் திறந்ததும் வெண்புகை பொங்கி மேஜை விளிம்பில் வழிந்து, தரையில் பரவி, முன்வரிசைக்காரர்களின் செருப்புகளை மறைத்தது. மின்விசிறி மெல்லச் சுற்றியது.

"இதை இறுக்கி மூடுனா வெடிச்சுரும். மூச்சு விட வழி வைக்கணும்," என்றாள். பிறகு மூன்று அடுக்குக் கட்டுமானத்தைக் காட்டினாள். உள்ளே கசியாத குழாய், அதைச் சுற்றி ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு, அதற்கு மேல் இன்னொரு கசியாத டப்பா, அதற்கும் மேல் கெட்டியான அட்டைப் பெட்டி.

"நீங்க இங்கன கட்டுறீக. எங்கேயோ ஒரு ஊர்ல லோடு இறக்குறவரு இதைத் தூக்குவாரு. உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரியாது. அவரை நீங்க பாக்கப் போறதும் இல்ல. உங்களுக்கும் அவருக்கும் நடுவுல இருக்கறது இந்த ஒட்டுத்தாள் மட்டுந்தான். அதுல பொய் எழுதுனா அவரு கிட்ட நேர்ல பொய் சொன்ன மாதிரி."

டீ இடைவேளையில் ஒரு பெண் மேஜைக்கு வந்தாள். சம்சாத்தைவிடப் பத்து வயதாவது மூத்தவளாகத் தெரிந்தாள். பெயர் பொன்மணி, ஊர் ஆமத்தூர், பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியை, முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய கேமரா ஃபிலிம் டப்பாவை எடுத்தாள்.

"மேடம், இதைப் புனே பக்கத்துல ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பணும். எந்த ஒட்டு ஒட்டணும்?"

"என்ன டீச்சர் இது?"

"மருந்து."

ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சம்சாத் விருதுநகரில் பிறந்தவள். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைப்பதும் அதுதான். அவள் கையில் இருந்த டீ டம்ளர் நின்ற இடத்திலேயே நின்றது.

"எப்படி வந்தீக?"

"பஸ்ல."

"மடியில வச்சுக்கிட்டா?"

பொன்மணி தலையாட்டினாள். சம்சாத் டம்ளரை மேஜையில் வைத்தாள். கோபத்தைக் குரலில் காட்டாமல், "அதை ஆட்டாம அப்படியே கொண்டு வாங்க," என்று வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனாள். கருப்பணனுக்கும் கண் காட்டினாள். தீயணைப்பு வாளியின் மணலில் குழி பறித்து டப்பாவை நட்டு வைத்த பிறகுதான் மூவரும் மூச்சு விட்டார்கள்.

"டீச்சரம்மா, படிச்சவுக நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றார் கருப்பணன்.

"உரசுனா இது தீப்பிடிக்காது அண்ணாச்சி. அதுக்காகத்தான் இம்புட்டு வருசம் பாடுபட்டேன்."

"அது உங்களுக்குத் தெரியும். பஸ்ல பக்கத்துல உக்காந்தவுகளுக்கு?" என்று சம்சாத் கேட்டாள்.

பொன்மணி தலை குனிந்தாள். நிழல் அவள் முகத்தில் அசைந்தது. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க அக்கா மூக்கம்மாள் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில நீல மருந்து சலிக்கிற வேலை பாத்தா. வாணத்துல நீலந்தான் கஷ்டமான நிறம். மருந்தும் கோபக்கார மருந்து. ஒரு நாள் சல்லடை உரசி பத்திக்கிருச்சு. உசுரு இருக்கு. வலது கண்ணு போயிருச்சு. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது எங்கிட்டக் கேட்டா, நீலம் இல்லாம வாணம் விட்டா என்னடி ஆயிரும்னு. அதான் உரசுனா பத்தாத நீலம் ஒண்ணு செய்யலாம்னு இறங்குனேன். செஞ்சுட்டேன். ஆனா உரசிப் பாக்கிற மிஷின் அந்தப் புனே ஆய்வகத்துலதான் இருக்கு."

சம்சாத் மணல் வாளியைப் பார்த்தாள். கறுப்பு மூடி மட்டும் வெளியே தெரிந்தது.

"இதுக்கு ஒட்டு கிடையாது டீச்சர். புது வெடிமருந்து. எந்த வகைன்னு அரசாங்கம் சொல்லாம இது நகரக்கூடாது. வகை சொல்லணும்னா சோதிச்சுப் பாக்கணும்."

"சோதிக்கணும்னா அனுப்பணுமே."

"ஆமா."

பொன்மணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏஜெண்ட் ஒருத்தரு கோலப்பொடின்னு எழுதிப் போடுங்க, போயிரும்னாரு. மனசு வரல. அதோட பேரு கோலப்பொடி இல்லையே."

மத்தியான வகுப்பு முழுவதும் சம்சாத்தின் வாய் பேசியது, மனம் அந்த வாளிக்குள் இருந்தது. கரும்பலகையில் சாய்சதுரங்களை வரைந்துகொண்டே வந்தவள், தீப்பிடிக்கும் திடப்பொருளின் சிவப்புப் பட்டைக்கும், தீயை ஊட்டி வளர்க்கும் பொருளின் மஞ்சளுக்கும் நடுவில் இடைவெளி விட்டு நின்றாள். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. பக்கத்தில் பக்கத்திலும் வைக்கக்கூடாது. ஆனால் தனித்தனியாக, தன் தன் பெயரோடு, இரண்டும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். சாக்பீஸ் கையிலேயே இருக்க அவள் பொன்மணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், கலக்காம அனுப்புங்க. நீலம் தர்ற செம்பு உப்பு ஒரு பெட்டி. எரியுறது ஒரு பெட்டி. எரிய வைக்கிறது ஒரு பெட்டி. அது மூணுக்கும் சட்டத்துல இடம் இருக்கு."

"கலக்குற பக்குவம் கையில இருக்கு மேடம்."

"கை ரயில்ல போகட்டும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. கருப்பணன் மட்டும் சிரிக்கவில்லை. "அது சரி. வாளியில இருக்கறதை என்ன செய்ய? அது திரும்பப் பஸ் ஏறக்கூடாது பாத்துக்கிடுங்க," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "அனுப்ப முடியாதுன்னா, இங்கனயே கொளுத்திருவோம்."

கல்லூரி முதல்வரிடம் அவரே போய் அனுமதி வாங்கினார். மைதானத்தின் கோடியில் புல் இல்லாத கரிசல் தரையைத் தேர்ந்தெடுத்தார். செங்கல் அடுக்கி, சுற்றிலும் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு விரித்து, மருந்தைக் காகிதத்தில் தட்டி நீளமான திரி வைத்தார். எல்லாரையும் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் நிறுத்தினார். ஊருக்குப் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்காரர்கள்கூடப் போகாமல் நின்றார்கள். சூரியன் விழுந்து, வானம் சாம்பலாகி, கருவேலஞ்செடிகள் தனித்தனி உருவம் இழந்து ஒரே நிழலான நேரம். காற்று அசையவில்லை. எங்கோ மில் சங்கு ஊதி ஓய்ந்தது.

கருப்பணன் பத்த வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பி வந்தார். திரி பொரிந்தது. முதலில் வெள்ளையாக ஒரு தும்மல் மாதிரி வந்தது. பிறகு நீலம் எழுந்தது.

அது வானத்தின் நீலமில்லை, மயிலின் நீலமும் இல்லை. அகல்விளக்கின் சுடருக்கு அடியில், திரியை ஒட்டி, யாரும் கவனிக்காமல் ஒரு துளி நீலம் இருக்குமே, அது எழுந்து ஆள் உயரத்துக்கு நின்றதுபோல் இருந்தது. சத்தமே இல்லை. மைதானம் ஆழமான குளமாகிவிட்டது. அதன் அடியில் எல்லாரும் நின்றார்கள். சம்சாத் கையிலிருந்த சிவப்பு ஒட்டுத்தாள்கள் கறுத்துப் போயின. கருப்பணனின் வெள்ளைச் சட்டை நீலமாக மிதந்தது. பொன்மணியின் முகத்தை அவள் பார்த்தாள். வயதே தெரியாத ஒரு முகம். எத்தனை வருஷமாகப் பெட்டிகளை மூடியிருக்கிறோம், ஒன்றையும் திறந்து பார்த்ததில்லையே என்று சம்சாத்துக்குத் தோன்றியது. மார்புக்குள் ஏதோ மெல்ல இறங்கியது. வலியா இனிப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு இருட்டு, அதற்குள் கந்தக வாசனை. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"நல்லாத்தான் எரியுது டீச்சரம்மா," என்றார் கருப்பணன்.

அந்த வெள்ளிக்கிழமை அசாருதீன் பேசியபோது சம்சாத் அதைச் சொல்ல முயன்றாள்.

"என்ன நீலம் புள்ள? கடல் மாதிரியா?"

"இல்ல மச்சான்."

"கடையில விக்கிற சொட்டு நீலமா?"

"ஐயோ, அது இல்ல."

"அப்ப பெட்டியில கட்டி அனுப்பு, பாத்துக்கிடுறேன்."

"சட்டப்படி முடியாது," என்று அவள் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகு ஃபோனில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்டது. அந்த இரைச்சலை இரண்டு பேருமே ஃபோனை வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அனுமதிக் கடிதங்கள் வந்து சேர ஆனி ஆகிவிட்டது. பொன்மணி மதுரை ஆபீசுக்கு வந்து தன் கையாலேயே கட்டினாள். செம்பு உப்பு பாசி படிந்த பச்சையில் இருந்தது. "நீலத்தை இதுக்குள்ள யாரு தேடுவா, சொல்லுங்க," என்று புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். இப்போது அவள் மேடம் என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள். மூன்று பெட்டிகளிலும் உள்ளே இருப்பதன் உண்மைப் பெயரை எழுதி, அனுப்புநர் என்ற இடத்தில் கையெழுத்திட்டாள். பேனாவை மூடிவிட்டு, கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோல் அந்தப் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

சென்னை விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகை வரைக்கும் சம்சாத்தே வேனில் கூடப் போனாள். அப்படிப் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. விடியக்காலையில் பெட்டிகளை வாங்கிக்கொண்ட தொழிலாளி ஒட்டுத்தாள்களைத் தடவிப் பார்த்தார், வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார், மஞ்சளை ஒரு மூலையிலும் சிவப்புப் பட்டையை எதிர் மூலையிலும் வைத்தார். செம்பு உப்பு நடுவில் தனியாக நின்றது. அந்தப் பெரிய கொட்டகையில் ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் அவை மூன்றும் காத்திருந்தன. கதவிடுக்கில் வெளிச்சம் நீளமாக உள்ளே வந்தது. சம்சாத் ஒரு தூணில் சாய்ந்து, நின்றபடியே அரைத் தூக்கத்தில் ஆழ்ந்தாள். விழித்தபோது அவை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே ஏதோ ஒரு விமானம் உறுமிக்கொண்டு ஏறியது.

பொன்மணி ரயிலில் போனாள். பல நாள் தகவலே இல்லை. ஆடிக் காற்று மதுரைத் தெருக்களில் புழுதியைச் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு பகலில் ஆபீஸ் ஃபோன் அடித்தது.

"சம்சாத்து, நான்தான்."

"சொல்லுங்க டீச்சர். மூணும் வந்துருச்சா?"

"வந்துருச்சு. ஒரு பொட்டு சிந்தல. கலக்குனேன். உரசுற மிஷின்ல வச்சு அழுத்தி அழுத்தி இழுத்தாக. எடை கூட்டிக் கூட்டி இழுத்தாக. பத்தலை. கடைசி எடை வரைக்கும் பத்தலை."

சம்சாத் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் பின்னால் சளசளவென்று ஏதோ கேட்டது.

"டீச்சர், அழுறீகளா?"

"இல்ல, இங்கன மழை. அதுதான் வினை. ஈரக் காத்துல நிறம் வெளுத்துப் போகுது. இந்த ஊரு மழைக்கு என் நீலம் தாங்க மாட்டேங்குது. நம்ம பக்கத்து வெயில்ல வளந்ததுல்ல." அவள் சிரிக்க முயன்றாள். "கம்பெனிக்காரவுக இப்படியே வாங்க மாட்டாக. இந்த சீசனுக்கு ஆகாது. இன்னும் வேலை கிடக்கு. ஆனா அவுக பதிவுல ஏத்தியாச்சு. ஒரு பேரு வேணும்னு கேட்டாக, ஆமத்தூர் நீலம்னு சொன்னேன்."

"அக்காகிட்ட சொன்னீகளா?"

"காலையிலயே சொன்னேன். கேட்டுக்கிட்டா. அப்புறம் வேற சங்கதிக்குப் போயிட்டா. வீட்டுல ஆடு குட்டி போட்டிருக்காம், ரெண்டும் பெட்டைக் குட்டியாம்."

சம்சாத் கண்ணை மூடிக்கொண்டாள். மழைச் சத்தம் காதுக்குள் நிறைந்தது. அவள் போகாத ஊரின் மழை.

"சாப்பிட்டீகளா டீச்சர்?"

"இனிமேத்தான். இங்கன மூணு வேளையும் சப்பாத்திதான். ஊருக்கு வந்து சோறு சாப்பிடணும்."

"நேரா நம்ம வீட்டுக்கு வாங்க. மீன் குழம்பு வைக்கிறேன்," என்றாள் சம்சாத்.