நாலு மணிச் சிறப்பு வகுப்பு

மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய வாரத்திலேயே கனகசபாபதி சார் விஷயத்தைச் சொல்லிவிட்டார். எங்கள் பொருளியல் துறைக்கு அவர்தான் தலைவர். நுண்பொருளியல் தாளில் இனிமேல் கணக்கு வரும்; முதல் வருடம் மாதிரி வளைகோடு வரைந்து, கோட்டுக்குப் பேர் எழுதி மார்க் வாங்கிவிட முடியாது. வகுப்பு நேரத்தில் அதை நடத்தி முடிக்க முடியாதாம். அதனால் தினமும் நாலு மணிக்கு மேல் சிறப்பு வகுப்பு.

"பையங்க எல்லாரும் இருக்கணும். பொம்பளப் பிள்ளைக காலேஜ் பஸ்ஸுக்குப் போயிருங்க. உங்களுக்கு நோட்ஸ் ஜெராக்ஸ் தந்திர்றேன். கணக்கை விட்டுட்டு எழுதினாலும் பாஸ் ஆயிரலாம்" என்றார்.

உண்மையைச் சொன்னால் எங்களில் பல பேருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. நான் சிவகாசியில் இருந்து விருதுநகருக்கு வருகிறவள். காலேஜ் பஸ்ஸை விட்டால் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போக வேண்டும். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடிக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் பிளஸ் டூவில் கணிதம் எடுத்து நல்ல மார்க் வாங்கியவள். மேற்படிப்புக்குச் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை மனதில் வைத்துக்கொண்டுதான் பொருளியலில் சேர்ந்தாள். அந்தத் தேர்வில் பாதி இந்தக் கணக்குதான்.

அவள் எழுந்து, வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மதுரையிலிருந்து வருகிறவர் அவர், முடியாது என்றார். அப்படியானால் தானும் நாலு மணிக்கு மேல் இருப்பதாகச் சொன்னாள். நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது, பெண்பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதில்லையா என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் அவளுடைய அம்மா வந்தார்கள். ஆமத்தூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். இரவு டூட்டி முடித்து, யூனிஃபார்மை மாற்றாமல் அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார்கள். சார் அவர்களைத் துறை வாசலில் வெகுநேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார். மகள் டவுன் பஸ்ஸில் வந்தால் ஸ்டாப்பில் நின்று தானே கூட்டிப் போய்க்கொள்வதாக அம்மா சொன்னதற்கு, ஒருத்திக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்றார். இருட்டுகிற நேரத்தில் பெண்பிள்ளை தனியாக வரலாமா என்று அந்த அம்மாவிடமே கேட்டார்.

"நான் பதினெட்டு வருசமா நைட் டூட்டிக்குத் தனியாத்தான் சார் போயிட்டு வாரேன்" என்றார்கள் அம்மா. சார் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று பஸ்ஸில், அவள் இறங்குகிற ஆமத்தூர் நெருங்கும்போது ஜெயக்கொடி சொன்னாள். "பாடத்துல கட்டுப்பாடுன்னா வருமானம். கையில காசு அம்புட்டுதான் இருக்கு, அதுக்குள்ள வாங்கணும். அது நெசமாவே இருக்கிற கட்டுப்பாடு, ரோஷினி. எனக்குப் போட்டது இவரு வாயில இருந்து வந்தது."

சிறப்பு வகுப்பில் உட்கார்ந்த முனியராஜ் எங்களுக்கு ஓரளவு பழக்கம். கரும்பலகையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஜெயக்கொடி கேட்டாள். வகுப்பில் போனை எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவார்கள். ஆனாலும் அவன் அனுப்பினான். பாதிப் படங்களில் முன்பெஞ்ச் பையனின் தலை இருக்கும். சிலதில் சார் அதற்குள் பாதியை அழித்திருப்பார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவனைக் கேட்டால், சார் அப்படித்தான் போட்டார் என்று பதில் வரும். ஜெயக்கொடி அந்த விட்ட இடங்களைத் தானே போட்டுப் போட்டு நிரப்பினாள். நூலகத்தில் ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டார்கள். மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள்.

எனக்கும் சொல்லித் தந்தாள். பரோட்டா பத்து ரூபாய், ஆம்லெட் பதினைந்து ரூபாய், கையில் நூற்றிருபது ரூபாய் இருக்கிறது, எதை எவ்வளவு வாங்குவாய் என்று தொடங்குவாள். கடைசி ரூபாயைப் பரோட்டாவில் போட்டாலும் ஆம்லெட்டில் போட்டாலும் ஒரே அளவு திருப்தி வருகிற இடத்தில்தான் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் நின்றாலும் நட்டம், தாண்டிப் போனாலும் நட்டம். சாரின் நோட்ஸில் இந்த இடம் 'தொடுபுள்ளி' என்று ஒரு சொல்லாக மட்டும் இருந்தது. ஏன் அங்கே தொட வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்டர்னல் தேர்வில் அந்தக் கணக்கு கட்டாயக் கேள்வியாக வந்தது. பல்கலைக்கழகம் கேள்வித்தாள் முறையை மாற்றிவிட்டது என்று அன்று காலையில்தான் சொன்னார்கள். பெண்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கொடுத்தோம். நான் பாதி எழுதினேன். ஜெயக்கொடி முழுதாகப் போட்டிருந்தாள்.

விடைத்தாள் தந்த நாளில் அவளை மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார். கணக்கைக் குறுக்கே சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யம் போட்டிருந்தார்.

"நான் உனக்கு நடத்தாததை நீ எப்படி எழுதினே?"

படித்து எழுதியதாகச் சொன்னாள். பக்கத்து வரிசையில் முனியராஜ் இருந்தான், அவன் தாளிலும் இதே முறைதான் என்றார். அவனை எழுப்பி, தாளைக் காட்டினாயா என்று கேட்டார். முனியராஜ் தலையைக் குனிந்துகொண்டு, தெரியாது சார் என்றான். போனில் படம் எடுத்தது வெளியே வந்துவிடுமோ என்ற பயம் என்று பிறகு சொன்னான். அவள் அவனை மன்னித்தாளோ இல்லையோ, கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை.

"கணக்குல நம்பரை மாத்திக் குடுங்க சார். இப்பவே போடுதேன்" என்றாள்.

அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. பலகையில் ஒரு கணக்கை எழுதினார். அவள் போய்ச் சாக்பீஸை எடுத்தாள். நடுவில் ஒரு கூட்டல் குறியைத் தப்பாகப் போட்டு, கையாலேயே அழித்துத் திருத்தினாள். விடை சரியாக வந்தது. அதோடு நிற்காமல், கையில் இன்னும் ஒரு ரூபாய் கூடினால் திருப்தி எவ்வளவு கூடும் என்பதையும் கீழே எழுதிக் கோடு போட்டாள். அதை அவர் கேட்கவே இல்லை.

சரி, போய் உட்கார் என்றார். மார்க்கை மாற்றவில்லை. ஆபீசுக்கு அனுப்பியாயிற்று, இனி திருத்த முடியாது என்றார். முதல்வரிடம் போனாள். அவர், ஆசிரியரிடம் குரலை உயர்த்திப் பேசினாயா என்று விசாரித்தார்.

அந்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்பறையிலேயே ஜெயக்கொடி கணக்கு நடத்தினாள். முதலில் நானும் இரண்டு பேரும்தான். அப்புறம் எல்லாப் பெண்களும் டிபன் பாக்ஸோடு முன் பெஞ்சுக்கு வந்துவிட்டோம். சாக்பீஸ்கூடத் துறையில் தரவில்லை, நாங்களே வாங்கினோம். பல்கலைக்கழகத் தேர்வில் அந்தத் தாளில் எங்களில் ஒருத்திகூடத் தோற்கவில்லை. துறையிலேயே அதிக மார்க் ஜெயக்கொடிக்கு.

முடிவு வந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் அப்பாவின் அச்சகத்தில் இருந்தேன். அப்பா பேர் தனுஷ்கோடி. காலண்டர், டைரிதான் வேலை என்றாலும் போன வருடம் ஒரு ஃப்ளெக்ஸ் மிஷினும் வாங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் அன்றைக்கு அடிக்க வேண்டிய டிசைன்கள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்றில் கனகசபாபதி சார் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் ஜெயக்கொடியின் படம், காலேஜ் ஆபீசில் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பெரிதாக்கியது. 'பேராசிரியரின் அயராத மாலைநேரச் சிறப்பு வகுப்பால் விளைந்த வெற்றி' என்று மேலே போட்டிருந்தது.

அவளுக்குப் போன் செய்தேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். திரையைப் பார்த்தாள், எழுத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்பாவிடம் சாருக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள்.

தன் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். உனக்குப் பெருமைதானே அம்மா என்று அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"நீங்க நடத்தாததை எப்படி எழுதினேன்னு அன்னைக்குக் கேட்டீக. இப்ப நீங்க நடத்துனதாலதான் எழுதினேன்னு போடுதீக. அந்த வகுப்பு வாசல்ல என் காலை வைக்க விட்டீகளா சார்?"

அவர் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். அப்பா நிறைய நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "படம் அந்தப் பிள்ளையோடது. அது வேண்டாங்குது. நான் அடிக்க மாட்டேன் சார்" என்றார். காலேஜின் காலண்டர் ஆர்டர் வருடா வருடம் எங்களுக்குத்தான் வரும். இந்த வருடம் வராது என்று அப்பாவுக்கு அப்போதே தெரியும்.

சார் வேறு இடத்தில் அடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் காலேஜ் கேட்டில் அந்த ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஜெயக்கொடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னிடம் பேப்பர் வெட்டுகிற கத்தி இருக்கிறதா என்று கேட்டாள். பிராஜெக்ட் அட்டை வெட்ட வைத்திருந்தேன், கொடுத்தேன். வாட்ச்மேனின் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மொத்தக் காலேஜும் உள்ளே போய்க்கொண்டிருந்த நேரம். யாரையும் பார்க்காமல், தன் முகத்தைச் சுற்றி நாலு பக்கமும் நிதானமாக வெட்டினாள். வாட்ச்மேன் வேண்டாம்மா, வேண்டாம்மா என்றாரே தவிர நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். வெட்டிய துண்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். மேலே சார் ஒரு சதுர ஓட்டைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் அவளை வகுப்பில் சேர்க்கவில்லை. காலேஜ் சொத்தைச் சேதப்படுத்தியதாக எழுதி வாங்கப் பார்த்தார்கள். என் முகம் காலேஜ் சொத்து இல்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டாள். ஆனால் பையன்கள் அந்த ஓட்டையை வரிசையில் நின்று படம் எடுத்ததால் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள்ளேயே ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள்.

நாலாம் செமஸ்டர் கால அட்டவணையில் சிறப்பு வகுப்பு நாலு மணிக்கு முன்னால், மதியக் கடைசி பீரியடுக்கு வந்துவிட்டது, எல்லாருக்கும். யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கனகசபாபதி சார்தான் நடத்துகிறார். ஜெயக்கொடி முதல் பெஞ்சில் உட்கார்ந்து, புரியாத வரியில் கையைத் தூக்குகிறாள். அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறார்.

அந்தக் கணக்குக்குப் போட்ட பூஜ்யம் மட்டும் அவள் இன்டர்னல் மார்க்கில் அப்படியே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டாள். கல்லூரி வழியாக வாருங்கள் என்று பதில் வந்தது. நேற்றும் முதல்வர் அறை வாசலில் நின்றிருந்தாள். நானும் கூட நின்றேன்.