கசந்துபோகும் தவிடு

செவலைப் பசு தொட்டியில் மூக்கை வைத்தது, ஒரு மூச்சு விட்டது, தலையைத் திருப்பிக்கொண்டது. ஹோசியத் ஒரு சிட்டிகை தவிட்டை எடுத்துத் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அடிநாக்கில், சோப்பைக் கடித்ததுபோல ஒரு கசப்பு. ஆலையிலிருந்து கொண்டுவந்த அன்று இதே தவிடு இனித்தது. பசு தொட்டியின் அடிவரை நக்கியது. மழை படவில்லை, எலி தொடவில்லை, பூஞ்சணமும் இல்லை. மூட்டைக்குள் சும்மா கிடந்த தவிடு எப்படிக் கசக்கும்?

அந்த வருடம் மலைப்பக்கம் மழை பொய்த்துவிட்டது. அவர்கள் ஊரான உஸ்கெனின் சந்தையில் உலர்புல் கட்டுகளைத் தொட்டுப் பார்த்து, விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களே அதிகம். அவள் கணவன் எர்காஷ் ஓஷ் நகரத்துக்குச் சிற்றுந்து ஓட்டுகிறவன். தீவனத்துக்கு வழியில்லாமல் மாடு எதற்கு என்று அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பசு அவள் இரண்டு குளிர்காலம் மெத்தை தைத்து வாங்கியது. காலையில் பாலாடை விற்கக் கிண்ணத்தோடு தெருவில் இறங்கும்போது மட்டும்தான் அவளை எர்காஷின் மனைவி என்று சொல்லாமல் ஹோசியத் என்று கூப்பிட்டார்கள்.

தவிடு சும்மா கிடைத்தது. மாமுர் அகா என்று ஊரார் அழைக்கும் பெரியவரின் நெல் ஆலை கால்வாய்த் தண்ணீரில் ஓடுவது; அதன் மர உலக்கைகள் முதல் இடிப்பில் உமியைக் கழற்றும். அடுத்தடுத்த இடிப்புகளில் செந்நிறமாகத் தவிடு உதிரும். அவர் இரண்டையும் வாய்க்காலில் தள்ளிவிடுவார். ஆனால் உறைபனி பிடித்ததும் கால்வாய் நின்றுவிடும், ஆலையும் நின்றுவிடும். இலையுதிர் காலத்தில் அள்ளுவது வசந்தம்வரை கெடாமல் இருந்தால்தான் பசு தங்கும்.

"தவிடு கிடைக்குது, வெச்சிருக்கத்தான் முடியலையே" என்றான் எர்காஷ். "பனி விழறதுக்குள்ள ஞாயித்துக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்."

"பனி விழட்டும். அதுவரைக்கும் அது கயித்துல கை வெக்காதீங்க."

மூட்டையை அவள் வைத்திருந்த இடம் பரண், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், கணப்பின் புகைக்குழாய் வெதுவெதுப்பாகப் போகும் மூலையில். உஸ்கென்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அந்த ஊரில் தேவ்சிரா என்ற செந்நெல்லை வருடக்கணக்கில் பழையதாக்கித்தான் விற்பார்கள். பழசாக ஆகத்தான் மதிப்பு. நெல்லுக்கு நல்லது தவிட்டுக்கும் நல்லது என்று நினைத்துவிட்டாள். மாமுர் அகா கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். தன் மனைவியின் நாக்கும் அப்படிப் பழசாகி முற்றியதுதான் என்றார்.

அவள் சிரிக்கவில்லை. புதுத் தவிட்டை மூன்று கிண்ணங்களில் எடுத்தாள். ஒன்றைத் துணியில் பரப்பிக் காற்றாட விட்டாள், ஒன்றை இறுக மூடினாள், ஒன்றை வாய்க்கால் ஓரத்துக் குளிரில் புதைத்தாள். மூன்றும் கசந்தன, குளிரில் இருந்தது மட்டும் தாமதமாக.

அந்தத் தாமதம் அவளைத் தூங்கவிடவில்லை. பாலும் அப்படித்தானே? குளிரில் வைத்தால் மெதுவாகப் புளிக்கும், காய்ச்சினால் நின்றுவிடும். அப்படியானால் தவிட்டுக்குள்ளும் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது. நெல்லாக இருக்கும்வரை அது ஏன் சும்மா இருந்தது? விரலிடுக்கில் தவிட்டை நசுக்கினாள். எண்ணெய்ப் பளபளப்பு ஒட்டியது. முழு மணிக்குள் அந்த எண்ணெயும் அதைக் கெடுக்கிற ஏதோ ஒன்றும் தனித்தனி அறையில் குடியிருக்கின்றன. உலக்கை சுவரை இடித்துவிடுகிறது. இடித்த நொடியிலிருந்து கெடுதல் தொடங்குகிறது. அவள் பரணில் பழசாக்கவில்லை, கெடுவதற்குக் கதகதப்பான இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறாள்.

காய்ச்ச வேண்டும். தண்ணீர் விட்டால் கூழாகிவிடும், வறுக்கத்தான் வேண்டும். ரொட்டி சுட்டு முடித்த தந்தூர் அடுப்பில் தட்டு நிறையத் தவிட்டை வைத்து மூடினாள். மேலே கருகியது, நடுவில் விரலை விட்டால் வெறும் இளஞ்சூடு. அந்த நடுத்தவிடு சில நாளில் கசந்தது, கருகிய பகுதியைப் பசு முகர்ந்தும் பார்க்கவில்லை. தூளுக்குள் சூடு தானாக நுழையாது, அதைப் புரட்டிப் புரட்டிச் சூட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்று அப்போது புரிந்தது.

கல்யாணங்களுக்குச் சோறு சமைக்கும் தெருவின் பொதுக் கொப்பரையை உருட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டு கிர்கிஸ்காரி புருல் வேலிமேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டாள்.

"என்னடி, மாட்டுக்குக் கல்யாணமா? எங்களுக்கெல்லாம் அழைப்பு இல்லையா?"

"மாப்பிள்ளை வீடு ஏழை. வந்தா ஒரு கரண்டி புடிச்சுக் கிளறணும், சம்மதமா?"

புருல் வந்தாள். விறகு மிச்சமில்லை; கொப்பரைக்கு அடியில் உமியைக் கொட்டினாள் ஹோசியத். கிளறினால் உமி புகைந்தது, ஊதினால் பறந்தது. தொடாமல் குவித்துவிட்டபோது மட்டும் உள்ளுக்குள் கனிந்து, தவிட்டைக் கருக்காத நிதானமான தணலாக நின்றது. வாய்க்காலில் போகவேண்டிய இரண்டில் ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதன்பின் ஆலை ஓடிய ஒவ்வொரு நாளும் அவள் உலக்கை ஓயும்வரை வாசலிலேயே நின்று, தவிட்டைச் சல்லடையில் சலித்து, இடித்த சூடு ஆறுமுன் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். தோள்பட்டை வீங்கியது. ஒருநாள் எர்காஷ் சிற்றுந்தின் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, ஆலையிலிருந்து உமி மூட்டைகளை ஏற்றிவந்து அவனே இறக்கினான்.

பனி விழுந்தது. கால்வாயின் ஓரங்கள் கண்ணாடியாக இறுகின, உலக்கைகள் நின்றன. சந்தைக்குப் போகும் மாடுகள் வெள்ளைத் தெருவில் வரிசையாக நடந்தன. ஹோசியத் முதலில் வறுத்த மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள். கொட்டகையில் வறுத்த வாதுமை வாசம் எழுந்தது. பசு தலையை உள்ளே விட்டது, வெளியே எடுக்கவில்லை. எர்காஷ் சற்றுநேரம் பார்த்துவிட்டு, மிச்ச மூட்டைகளைத் தரையில் வைக்காதே, ஈரம் ஏறும் என்று சொல்லிப் பலகை எடுக்கப் போனான்.

தன் மாட்டுக்கும் அடுத்த வருடம் செய்ய வேண்டும், பக்குவத்தைச் சொல் என்று புருல் கேட்டாள். ஹோசியத் பசுவின் முதுகில் படிந்த பனித்தூளைத் தட்டிவிட்டபடி சொன்னாள்:

"இடிச்ச அன்னைக்கே வறுத்துடணும். உமித்தணல் போதும். கரண்டிய நிறுத்தக் கூடாது. நடுவுல விட்ட விரல் சூடு தாங்காம வெளிய வரணும். நல்லா ஆறவிட்டுக் கட்டி வெச்சா கசக்காது."